யானைத்தந்த மாதாவும் ஒரு சிட்டிகை மடு மண்ணும்

எங்கள் பங்குக் கோவில் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இளைஞர் மன்றப் பிள்ளைகள் என் வீட்டுப் படி ஏறத் தொடங்கிக் கனநாளாகிறது. "அங்கிள், நீங்கள் வந்த புதிசிலை பட்ட கஷ்டம், பிறகு முன்னேறின விதம், அதை எழுதித் தாங்கோ. வாசிக்கிற ஆக்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றாள் ஒருத்தி. உற்சாகம் வேண்டுமென்றால் கடையில் போத்தலில் அடைத்து விற்கிறார்கள், வாங்கிக் குடிக்கலாம். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை.

ஆனாலும் எழுதச் சம்மதித்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இப்போது கண்காட்சிப் பொருட்களைப் பொதிகட்டி ஏற்றி இறக்கும் நிறுவனமொன்றில் சேர்ந்திருக்கிறான். நான் செய்து ஓய்ந்த அதே வேலை. இப்போது பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி வைக்கிறார்களாம். பெட்டி குலுங்கினாலும் உள்ளே ஈரம் கூடினாலும் அதுவே பதிந்து சொல்லிவிடுமாம். "உதொண்டும் இல்லாமல் அந்தக் காலத்திலை என்னெண்டு சமாளிச்சனீங்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். எங்கள் காலத்தில் பெட்டிகளுக்கு ஒரு குறையும் வரவில்லை தம்பி, குறை வந்தது ஆட்களுக்குத்தான். அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

நான் மன்னார்க்காரன். எண்பதுகளின் கடைசியில் பலெர்மோவுக்கு வந்தேன். எல்லாரையும் போல முதலில் வீட்டு வேலை. பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான அம்மா, சின்யோரா என்றுதான் கூப்பிடுவேன். காலையில் கபோ சந்தைக்குப் போய் அவருக்கு மீனும் மரக்கறியும் வாங்கி வருவேன், பின்னேரம் அவருடைய நாயை உலாத்தக் கூட்டிப் போவேன். அந்தத் தெருவில் நாயின் பெயர் எல்லாருக்கும் தெரியும், என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சின்யோரா காலமானதும் அவருடைய மருமகன் ஒரு நன்றிக்கடனாக என்னைத் தனக்குத் தெரிந்த பொதிகட்டும் நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். அப்படித்தான் மாஸ்திரோ வீத்தோவின் கையில் அகப்பட்டேன்.

மாஸ்திரோ என்றால் தொழிலில் மூத்தவர். வீத்தோ கட்டையான மனிதர், கழுத்தே தெரியாது. அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. சிசிலிக்காரர் எல்லாரையும் போல நாடியை மேலே தூக்கி நாக்கால் ஒரு 'ட்ச்' கொட்டுவார், அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்க எனக்குக் கிடைத்த படிப்பு அந்த 'ட்ச்'தான். நான் ஓம் என்று எங்கள் முறைப்படி தலையை ஆட்டினால், "உன் கழுத்தில் எலும்பே இல்லையா?" என்று கேட்பார்.

அவருடைய ஒழுங்கு கோவில் ஒழுங்கு. வேலைக்கு வந்ததும் அவர் முன்னால் நின்று சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாம் வெறுமையாக்க வேண்டும். பேனா, திறப்பு, சில்லறை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மணிக்கூட்டையும் மோதிரத்தையும் கழற்ற வேண்டும். இடுப்புப் பட்டியின் கொளுக்கி பொருளில் உராயும் என்று அதைப் பக்கவாட்டுக்குத் திருப்பிக் கட்டச் சொல்வார். எதையும் தூக்குவதற்கு முன் வெறுங்கையோடு அந்த வழியை நடந்து பார்க்க வேண்டும். கதவு திறந்திருக்கிறதா, நிலத்தில் வயர் கிடக்கிறதா, வைக்கப்போகும் மேசை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்கலாம். தூக்கிய பிறகு ஒருவர்தான் கதைக்கலாம். சிலையைக் கையிலோ கழுத்திலோ பிடித்தால் உதைதான் விழும். அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை, பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்த பெட்டியை வந்தவுடன் திறக்க விடமாட்டார். அந்த அறையின் காற்றுக்குப் பழக அது ஒரு நாள் மூடியபடி கிடக்க வேண்டும். "தூரத்திலிருந்து வந்திருக்கிறது. முதலில் மூச்சு விடட்டும், பிறகு கேள்வி கேட்கலாம்" என்பார். எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் வரிசை நின்ற எவருக்கும் அந்த மரியாதை கிடைத்ததாக நான் அறியேன்.

நான் தொழில் பழகி முடிந்த காலத்தில்தான் அந்தக் கண்காட்சி வந்தது. ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போகும் கடல்வழி திறந்து ஐந்நூறு வருடம் ஆன சமயம். வியா மக்வேதாவிலிருந்து உள்ளே போகும் சந்தொன்றில் ஒரு பழைய பிரபுவின் மாளிகை இருந்தது. அதில் அந்த வழியைப் பற்றியும் அதில் போய்வந்த சரக்கைப் பற்றியும் பெரிய கண்காட்சி வைக்க ஏற்பாடானது. மாளிகையின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்வார்கள்.

கண்காட்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் தொத்தோரெஸா லிவியா. படித்த பெண்களை இங்கே தொத்தோரெஸா என்றுதான் அழைப்பது. மெலிந்த உடம்பு, எப்போதும் தோளில் ஒரு சால்வை, யாரைக் கண்டாலும் 'என் அன்பே' என்றுதான் தொடங்குவார். கெட்ட மனிசி இல்லை. எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாமல் இருப்பது அதனால்தான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

முதலாம் கூடத்தின் சுவர் முழுக்க ஒரு கடல் வரைபடம். போகும் வழி சிவப்பு, வரும் வழி நீலம். நாங்கள் ஏணியில் நின்று அதைப் பொருத்தும்போது தொத்தோரெஸா கீழே நின்று கதை சொல்வார். நன்றாகச் சொல்வார், நானும் ஆசையாகக் கேட்பேன். பங்குனி அளவில் லிஸ்பனிலிருந்து கப்பல்கள் புறப்படும். பிந்திப் போனால் எங்கள் பக்கத்துத் தென்மேல் பருவக்காற்றுத் தவறிவிடும், ஒரு வருடம் வீணாகும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மொசாம்பிக்கில் தண்ணீர் பிடித்து, புரட்டாதி மட்டில் கோவாவையோ கொச்சியையோ பிடிப்பார்கள். போகிறவர்களில் கனபேர் பல்முரசு வீங்கி வழியிலேயே செத்துப்போவார்கள். திரும்புவதற்கு மார்கழி, தைக் காற்று. கொண்டு போவது வெள்ளி, செம்பு, பவளம். கொண்டு வருவது மிளகு, கறுவா, முத்து, துணி. பவளம் இந்தச் சிசிலிக் கடலிலும் எடுத்ததாம். எங்கள் பெண்கள் கழுத்தில் போட்ட பவளத்தில் ஒரு பங்கு இங்கேயிருந்து போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

"உன் ஊரும் இதில் இருக்கிறது, அன்பே" என்று மன்னாரைத் தொட்டுக் காட்டினார். முத்துக் குளிக்கும் சலாபத்தைக் கையில் வைத்திருக்கத்தான் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினார்கள் என்றார். அந்தக் கோட்டையைக் கடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். நான் ஊரைவிட்டு வரும்போது அதற்குள் ஆமி முகாம் போட்டிருந்தது.

"சரக்கு மட்டும்தான் வந்ததா? எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லையா?" என்று ஏணியிலிருந்து கேட்டேன்.

"வந்தார்கள். அடிமைகளாக" என்றார். பிறகு வரைபடத்தின் வலது மூலை கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனார்.

அந்த மாளிகையில் கூட்டித் துடைக்கும் வேலை செல்வராணி அக்காவுக்கு. அவரும் எங்கள் பக்கம்தான், மடு மாதா கோவிலுக்குக் கிட்ட. கடலுக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. மூத்தவள் றீற்றா, இளையவள் சுகந்தி, இரண்டு பெண்பிள்ளைகளும் தாயின் தங்கையோடு மடுக் கோவில் வளவில் அகதிக் கொட்டிலொன்றில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்காகத்தான் அக்கா உயிரோடு இருந்தார் என்றால் மிகையில்லை. வீட்டு வாடகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், பங்குத்தந்தையின் கடிதம் எல்லாம் ஆயத்தம். இல்லாதது ஒன்றுதான், கொந்த்ராத்தோ. சட்டப்படி பதிந்த வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராவில் பிள்ளைகளின் பெயரையே எடுக்க மாட்டார்கள். கண்காட்சி திறந்ததும் ஒரு வருட ஒப்பந்தம் தருவதாக மாளிகைக்காரர் சொல்லியிருந்தார்கள். றீற்றாவுக்குப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு முடிந்தால் அவள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள், தாய் கூப்பிட முடியாது.

"கண்காட்சி எப்ப தம்பி திறக்கினம்?" என்று என்னைக் காணும்போதெல்லாம் கேட்பார். கல்யாண வீட்டுக்கு நாள் பார்ப்பது போல அவர் அந்தத் திறப்பு விழாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்காட்சியின் முக்கிய பொருள் ஒரு மாதா சிலை. முழங்கை உயரம், யானைத்தந்தம், கீழே கருங்காலியில் ஒரு பீடம். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் எடுத்த தந்தம் கோவா வழியாக இலங்கைக்குப் போய், அங்கே எங்கள் பக்கத்து ஆசாரி எவனோ செதுக்கி, மிளகுக் கப்பலில் லிஸ்பன் வந்து, அங்கிருந்து எப்படியோ ஒரு பெரிய குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தக் குடும்பம் அதை இரவல் கொடுத்தது. கூடவே நேப்பிள்ஸிலிருந்து ஒரு காரியகாரரையும் அனுப்பியது. சிலையின் கண்ணாடிப் பேழைக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு மாளிகையில், மற்றது அந்தக் காரியகாரரின் பையில்.

நானும் வீத்தோவும்தான் அந்தப் பெட்டியைத் திறந்தோம். மெல்லிய தாளை ஒவ்வொன்றாக நீக்கும்போது முதலில் தெரிந்தது முகம். அகலமான முகம், பாதி மூடிய நீண்ட கண், உருண்ட நாடி. இத்தாலிய மாதாக்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு என்னவோ செய்தது. என் சின்னம்மா ஒருவர் அச்சாக அப்படித்தான் இருப்பார். வீத்தோகூட ஒருமுறை சிலையையும் ஒருமுறை என்னையும் பார்த்தார்.

வாளியோடு அந்தக் கூடத்துக்கு வந்த செல்வராணி அக்கா அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, உவ எங்கத்தையாள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கட ஆள்தான் அக்கா. இலங்கையிலை செதுக்கினது."

"பின்னை, முகத்தைப் பாக்கத் தெரியுதெல்லே" என்றவர் வாளியைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். அடுத்த நாளிலிருந்து அந்த ஒரு கூடத்தை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் துடைத்தார். பளிங்குத் தரையைக் கீறாமல் இருக்க அப்படிச் செய்கிறார் என்று தொத்தோரெஸா நினைத்து, மற்ற வேலையாட்களுக்கு அவரை உதாரணம் காட்டினார்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் பேழையின் உள்விளக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. காரியகாரர் வந்து மாளிகைத் திறப்பையும் வாங்கி இரண்டு பூட்டையும் திறந்தார். திறந்த பேழையை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது வீத்தோவின் முதலாம் கட்டளை. ஆனால் அன்று அவரையும் என்னையும் கீழ்மாடியில் பாரப் பெட்டியொன்று இறக்க அழைத்துவிட்டார்கள். மின்வேலைக்காரன் பல்ப் எடுக்கப் போனான். காவலுக்கு நின்ற காரியகாரருக்குக் காப்பி நினைப்பு வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்துக் காப்பிக் கடைக்கு இறங்கிப் போய் ஆறுதலாகக் குடித்துவிட்டு வந்தார். விளக்குப் பூட்டி முடிந்ததும் பேழையை மூடிப் பூட்டித் தன் திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு பின்னேர ரயிலில் நேப்பிள்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை மாளிகையில் ஒரே அல்லோலகல்லோலம். சிலைகளைப் பழுதுபார்க்கும் பெண்ணொருத்தி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து அலறியிருக்கிறாள். மாதாவின் காலடியில், கருங்காலிப் பீடத்தின் மேல், மண்ணிறத்தில் ஒரு சின்னத் தூள் குவியல்.

மரம் உளுத்துக் கொட்டினால் அப்படித்தான் கிடக்கும். மரம் அரிக்கும் பூச்சி ஒன்றில் இருந்தால் பக்கத்தில் உள்ள பேழைகளிலும் இருக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் பயப்படுகிற விஷயம். அடுத்த பேழையில் கருங்காலிப் பெட்டகம், அதற்கடுத்தது பழைய கப்பலொன்றின் மரச்சிற்பம், எல்லாம் இரவல். எல்லாவற்றையும் கழற்றி மருந்துப் புகைக்கு அனுப்ப வேண்டும், விழாவைத் தள்ளிவைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் நிறுவனம் பொதிப்பெட்டிக்குப் போட்ட பலகையிலிருந்துதான் பூச்சி வந்திருக்கும் என்று ஒருவர் சொல்ல, எல்லாருடைய கண்ணும் வீத்தோ மேல் விழுந்தது. ஓய்வுக்கு ஒரு வருடமும் இல்லாத மனிதர். காரியகாரர் திறப்போடு திரும்பி வரும்வரை பேழையைத் திறந்து பார்க்கவும் வழியில்லை.

நான் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். பூச்சி அரித்த தூள் பஞ்சுபோலக் கிடக்கும். இது பாரமாகக் கிடந்தது, ஓரிடத்தில் மினுங்கியது. மன்னாரில் பிறந்த ஒருவருக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மடு மாதா கோவில் மண்ணைச் சனம் பாம்புக்கடிக்குக் காவல் என்று கொண்டுபோகும். தூரப் பயணம் போகிறவர் மடியில் ஒரு சிட்டிகை முடிந்திருப்பார். இங்கே எங்கள் பங்கில் அது இல்லாத வீடு குறைவு.

அக்காவைத் துடைப்பங்கள் வைக்கும் சின்ன அறையில் பிடித்தேன். "அக்கா, மாதாவின்ரை காலடியிலை கிடக்கிறது மடு மண்ணோ?"

"ஓம் தம்பி" என்றார், ஒரு பதற்றமும் இல்லாமல். "நேற்று திறந்து கிடந்தது. எத்தினை காலமா மனிசி அந்நிய மண்ணிலை நிக்கிறா. தன்ரை மண்ணிலை நிக்கட்டும் எண்டு ஒரு சிட்டிகை வைச்சனான். என்ரை பிள்ளையள் ரெண்டையும் இஞ்சை கொண்டந்து சேர் தாயே எண்டு கேட்டனான். ஏன், ஆரும் ஏசினவையே?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. தன்னை நினைத்தல்ல, வீத்தோவை நினைத்து. "அந்த மனிசன் என்ன பாவம் செய்தது? வாருங்கோ, நானே சொல்லுறன். மாதாவுக்கு மண் வைச்சது களவே, ஒளிக்கிறதுக்கு?"

இரண்டு பேரும் தொத்தோரெஸாவின் அறைக்குப் போனோம். அக்கா தமிழில் சொன்னார், நான் இத்தாலியனில் சொன்னேன். கேட்கக் கேட்கத் தொத்தோரெஸாவின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தார். "எவ்வளவு அழகான விஷயம்! இவ்வளவு நூற்றாண்டுக்குப் பிறகு இந்த மாதா தன்னுடைய சனத்தைச் சந்தித்திருக்கிறாள்!" என்றார். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்து, "கொந்த்ராத்தோவைப் பற்றியும் ஒருக்கால் கேளுங்கோ" என்றார். கேட்டேன். "அது முடிந்த காரியம், அன்பே" என்றார் தொத்தோரெஸா.

பின்னேரம் காரியகாரர் வந்து பேழையைத் திறந்தார். மெல்லிய தூரிகையால் அந்த மண்ணைத் தாளில் எடுத்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்து மண்தான் என்று உறுதிசெய்தார்கள். சிலையில் ஒரு கீறலும் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டு எல்லாரும் சிரிக்கத் தொடங்கும்போது வீத்தோ கேட்டார்: "பேழையைத் திறந்தபடி விட்டுப் போனது யார்?" காரியகாரர் குனிந்து தன் பையில் எதையோ தேடினார்.

விழா பெரிதாக நடந்தது. தொத்தோரெஸா தன் பேச்சை அந்த மண்ணில்தான் தொடங்கினார். கண்டங்களைச் சேர்த்தது மிளகும் வெள்ளியும் மட்டுமல்ல, ஒரு ஏழைத் தாயின் ஒரு சிட்டிகை மண்ணும்தான் என்றார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த மண் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில், மாதாவின் பேழைக்குப் பக்கத்தில், தனி விளக்கோடு வைக்கப்பட்டிருந்தது. பத்திரிகைக்காரர் அக்காவை அதற்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அக்கா நீலச் சேலை உடுத்து வந்திருந்தார். அன்று நானும் சந்தோசப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். எங்கள் சனத்துக்கு இந்த ஊரில் கைதட்டல் விழுந்து நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. போகும்போது அக்கா, "பிள்ளையளுக்கு இந்தப் படத்தை அனுப்பவேணும் தம்பி" என்றார்.

அடுத்த வாரம் துப்புரவு வேலைக்கு ஆள் விடும் இடத்திலிருந்து ஒரு பெண் வந்து, இனி வரத் தேவையில்லை என்று அக்காவிடம் சொன்னாள். சிலைக்காரக் குடும்பம் எழுதியிருந்ததாம், பேழைக்குள் கை வைத்தவர் அந்தக் கட்டடத்தில் இருந்தால் சிலையைத் திருப்பி எடுப்பார்களாம். காப்பி குடிக்கப் போன காரியகாரர் மறுநாளும் அதே பையோடு வந்தார், பேழையைச் சுற்றிப் பார்த்தார், போனார்.

தொத்தோரெஸாவைப் பிடிக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. அறையில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறார், றோமுக்குப் போய்விட்டார். கடைசியில் ஒரு நாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன், அன்பே. காப்புறுதிக்காரர் விடவில்லை. ஒழுங்குமுறை தெரிந்தவன் நீ, உனக்காவது விளங்கும்."

"எனக்கு விளங்குகிறது. அவருடைய மூத்த பிள்ளைக்குப் பதினெட்டாகப் போகிறது" என்றேன்.

"எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது" என்றார். உண்மையாகவே கவலைதான். கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரைக் கொண்டுபோய்க் குவெஸ்தூராவில் கொடுக்க முடியாது. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மேலே ஏறிப் போனார்.

"கறிவேப்பிலை மாதிரித்தான் தம்பி" என்றார் அக்கா, நான் வந்து சொன்னபோது. "வாசத்துக்குப் போட்டிட்டு எடுத்து எறிஞ்சிட்டினம். அது போகட்டும். அவை என்ரை மண்ணைத் தரட்டும்." அவரிடம் ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒரு பிலிம் டப்பிக்குள் கொஞ்சம்தான். அதில் முக்கால்வாசியை அன்றைக்கே மாதாவுக்கு வைத்துவிட்டார். பிள்ளைகள் வரும் பயணத்துக்கென்று நேர்ந்து வைத்திருந்த மண்.

இருவரும் போனோம். வாசலில் அக்காவை உள்ளே விடவில்லை. நான் மட்டும் மேலே போய், தொத்தோரெஸாவின் உதவியாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் மரியாதையான இளைஞர், கதிரை தந்து இருத்திவைத்துத்தான் பதில் சொன்னார். அந்த மண் இப்போது கண்காட்சிப் பொருள். அதற்கு இலக்கம் போட்டாயிற்று. இரவல் கொடுத்தவரின் பேழைக்குள் கிடைத்ததால் அது யாருடையது என்பதையே பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு 'பெயர் குறிப்பிடாத பக்தை ஒருவரின் கொடை' என்று பதிந்திருக்கிறார்கள்.

கீழே வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் சந்தில் நின்றபடியே கேட்டார்: "நான் குடுக்கேல்லை தம்பி. வைச்சனான். அதைச் சொன்னனீங்களே?"

திரும்பப் படியேறிப் போய் அதையும் சொன்னேன். அந்த இளைஞர் கவனமாகக் கேட்டுத் தலையசைத்தார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இதையெல்லாம் வீத்தோவிடம் சொன்னபோது நாடியைத் தூக்கி ஒரு 'ட்ச்' கொட்டினார். ஆனால் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக விசாரித்தார். கடைசியில் தன் மனைவியின் வழியில் உறவான, படுக்கையில் கிடந்த ஒரு முதியவரின் வீட்டில் அக்காவுக்கு வேலை எடுத்துக் கொடுத்தார், சட்டப்படி பதிந்த ஒப்பந்தத்தோடு. அது கைக்கு வர மாதங்கள் ஓடிவிட்டன. அதற்குள் றீற்றாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. குவெஸ்தூராவில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, ஒரு பெயரின் மேல் கோடு போட்டுவிட்டுத் தாளை நீட்டினார். அக்காவுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. அந்தக் கோடு விளங்கிவிட்டது.

கண்காட்சி முடிந்து பொருட்களைக் கட்டியதும் நாங்கள்தான். மாதாவைத் தாளில் சுற்றி, அவளுடைய உருவத்துக்கே வெட்டிய பஞ்சுக்குள் வைத்து மூடினோம். நேப்பிள்ஸ் போக அவளுக்கு ஒரு கையெழுத்துப் போதும். மண் கிண்ணத்துக்கும் ஒரு தனிப்பெட்டி, தனிப்பஞ்சு. வேறு யாரோ கட்டினார்கள். நான் அதில் கை வைக்க மறுத்துவிட்டேன்.

இளையவள் சுகந்தி வந்த நாளில் விமான நிலையத்துக்கு அக்காவோடு நானும் போனேன். மடுவில் அவளைத் தன்னோடு வைத்திருந்த கன்னியாஸ்திரி ஒருவர் கொழும்பு வரை கூட்டிவந்து ஏற்றிவிட்டிருந்தார். சிறிய தாயின் குடும்பம் அதற்கு முன்பே படகில் இராமேஸ்வரம் போய்விட்டது. றீற்றாவும் அவர்களோடு போய் அங்கே மண்டபம் முகாமில் இருந்தாள். தமக்கை வராமல் சின்னவள் விமானம் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்ததால், றீற்றா பின்னால் வருவாள் என்று தொலைபேசியில் பொய் சொல்லியிருந்தார் தாய். அதை வழியில்தான் என்னிடம் சொன்னார்.

பிள்ளை வெளியே வந்தாள். தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுது முடியும்வரை நான் விலகி நின்றேன். பிறகு பெட்டியைத் தூக்கினேன். அவ்வளவு சின்னப் பிள்ளை இழுத்து வந்த பெட்டி, என் தோளையே இழுத்தது.

"என்ன பிள்ளை, கல்லே கொண்டந்தனீ? இவ்வளவு பாரமாக் கிடக்கு?"

"அக்கான்ரை உடுப்பும் இதுக்கைதான் மாமா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "படகிலை பாரம் கொண்டுபோக விடமாட்டினமாம். நீ கொண்டுபோ, நான் அங்கை வந்து போடுறன் எண்டு எல்லாத்தையும் மடிச்சுத் தந்தவ. அம்மா, அக்கா எப்ப வாறா?"

செல்வராணி அக்கா என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.